எதிரி சொன்ன பேட்டர்ன்

தப்பாக நினைக்காதீர்கள் சார், உங்கள் செல்போன் பூட்டை நான் பார்த்துவிட்டேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலது பக்கம் ஒரு கோடு. 'ட' எழுத்து. நான் பார்த்தவரை பாதிப் பேர் 'ட'தான் போடுகிறார்கள். மீதிப் பேர் 'ப' போடுகிறார்கள். மாற்றிவிடுங்கள். இன்றைக்குப் பக்கத்து சீட்டில் நான் இருக்கிறேன், பரவாயில்லை. எல்லா பஸ்ஸிலும் நான் வர முடியுமா?

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பார்க்கிறீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. நான் போலீஸ். பெயர் குருநாதன், ஏட்டு, இருபத்தேழு வருஷ சர்வீஸ். மதுரையில் ஐந்து நாள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். 'செல்போன் சாட்சியங்களைக் கையாளும் முறை' என்று வகுப்புக்குப் பெயர். மாவட்டத்துக்கு ஒரு ஆள்தான் அனுப்பச் சொன்னார்களாம். மேலே இருக்கிறவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் என் பெயரைத்தான் சொன்னாராம். திறமையை எவ்வளவு நாள் மூடி வைக்க முடியும்?

ஆனால் வகுப்பு எடுக்கப் போவது யார் தெரியுமா? சுகிர்தா. தடயங்களைச் சோதிக்கிற ஆய்வகத்தில் அதிகாரி. என்னை ரைட்டர் நாற்காலியிலிருந்து எழுப்பி, ஆயுதப்படை மைதானத்தில் துருப்பிடித்த வண்டிகளுக்குக் காவல் நிறுத்தியது அந்த அம்மாதான். நீங்கள் இறங்குகிற உசிலம்பட்டி வரைக்கும் நேரம் இருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை எல்லாம் பார்க்கிறவன். யாரை எங்கே பிடித்தோம், எத்தனை மணிக்குப் பிடித்தோம், அவன் கையில் என்ன இருந்தது, எல்லாம் என் கையெழுத்தில்தான் கோர்ட்டுக்குப் போகும். இன்ஸ்பெக்டர் மாறுவார், எஸ்.ஐ. மாறுவார், ரைட்டர் மாற மாட்டான். அதிலும் சீல் வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அரிவாளா, சாராய பாட்டிலா, ரத்தம் பட்ட வேட்டியா, எது வந்தாலும் வெள்ளைத் துணியில் சுற்றி, நூல் கட்டி, சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினேன் என்றால், மாஜிஸ்திரேட்டே ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்து ஐம்பதுக்கு எங்கள் ஊரில் ஒரு டீச்சர் கழுத்தில் கிடந்த ஐந்து பவுன் சங்கிலியை ஒருத்தன் பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போய்விட்டான். டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒல்லியா இருந்தான். சுருட்டை முடி. எங்க தெரு சந்துபொந்தெல்லாம் தெரிஞ்சவன் மாதிரி போனான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை சன்னாசியைக் கொண்டுவந்தோம். சன்னாசி அந்தத் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிற வண்டிக்காரன். தெரு தெரியும். ஒல்லி. முன்னே ஒரு சேவல் சண்டைக் கேஸ் அவன் பேரில் இருக்கிறது. அதாவது, குற்றம் பழகியவன். எல்லாம் பொருந்தியது. ஒரே ஒரு இடைஞ்சல்தான். அவன் மொட்டை.

மொட்டை என்றால் பளபளவென்று மொட்டை. எஸ்.ஐ. கொஞ்சம் தயங்கினார். "ரைட்டர், டீச்சர் சுருட்டை முடின்னுல்ல சொல்லியிருக்காங்க?"

"அதனாலதான் ஐயா மொட்டை போட்டிருக்கான்" என்றேன்.

எஸ்.ஐ. முகத்தைப் பார்க்க வேண்டுமே! சின்ன வயசுக்காரர். படித்து நேரடியாக வந்தவர். இதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. சங்கிலி பறிப்போடு, தடயத்தை அழித்தல் என்று இன்னொரு பிரிவையும் சேர்த்துப் போட்டோம். தலைமுடியும் தடயம்தானே சார்?

சன்னாசி கும்பிட்டான். "ஐயா, வெள்ளிக்கிழமை நான் ஊர்லயே இல்லீங்க. அருப்புக்கோட்டை பக்கம் எங்க குலசாமிக்கு முடியெறக்கப் போயிருந்தேன்."

"யார்றா சாட்சி?"

"என் தங்கச்சி பாண்டியம்மா கூடவே இருந்துச்சுங்க."

தங்கச்சி! உறவுக்காரர்கள் சாட்சி செல்லுமா? இருந்தாலும் எஸ்.ஐ. நியாயமானவர். அந்தக் கோயிலில் முடியெடுக்கிறவரிடம் போனில் பேசினார். அவர் சொன்னாராம்: "அன்னைக்கு முந்நூறு தலை எடுத்தேன் சார். நான் தலையைத்தான் பார்ப்பேன், மொகத்தைப் பார்க்கிறதில்லை."

முடிந்தது. அன்றைக்கு அவன் போன் எந்த ஊர் டவரில் இருந்தது என்று கம்பெனிக்குக் கேட்டு எழுதியிருக்கிறோம் என்று அப்புறம் கோர்ட்டில் சொன்னோம். எழுதினோமா என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் சன்னாசி அந்தப் பேச்சை எடுத்தான். "அப்படின்னா என் போனைத் தெறந்து பாருங்கய்யா. அதுல ஏதாச்சும் இருக்கும்ல. பேட்டர்ன் நானே சொல்றேன். நடுப்புள்ளியில ஆரம்பிச்சு..."

"நிறுத்துறா!" என்றேன்.

ஏன் நிறுத்தினேன் என்று கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட் பாஷையில் 'எதிரி' என்று பெயர். எதிரி சொல்லிக் கேட்டு ஒரு போலீஸ்காரன் வேலை செய்யலாமா? அவன் சொல்கிற கோட்டைப் போட்டதும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகிற மாதிரி ஏதாவது தந்திரம் பண்ணி வைத்திருந்தால்? நான் இதையெல்லாம் யோசிக்கிறவன்.

ஆனால் போனைத் திறந்தாகவும் வேண்டும். ஒரு பொருளைப் பிடித்தால் மகஜர் என்று ஒரு விவரத்தாள் எழுதுவோம். செல்போனாக இருந்தால் அதில் 'இயங்கும் நிலையில் உள்ளது' என்று ஒரு வரி வரும். இயங்குகிறதா என்று பார்க்காமல் நான் எழுத மாட்டேன் சார். பொய் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆக, நாங்களே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தோம்.

ஒன்பது புள்ளி. சிறுவர் பத்திரிகையில் புள்ளிகளைச் சேர்த்தால் யானை வருமே, அதே கணக்குதான். யானை வராது, அவ்வளவுதான். முதலில் கான்ஸ்டபிள் தங்கவேல் 'ட' போட்டான். "கேன் போடுறவன் ஏட்டையா, இதுக்கு மேல அவனுக்கு என்ன தெரியும்?" என்றான். போன் ஒரு தடவை உதறிவிட்டு அப்படியே இருந்தது. 'ப' போட்டான். உதறியது. எஸ்.ஐ. வந்தார். "சன்னாசிக்கு மொத எழுத்து 'ச' தானே?" என்றார். 'ச'வை ஒன்பது புள்ளிக்குள் எழுத அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. உதறியது.

ஒவ்வொரு உதறலுக்கும் மூலையிலிருந்து சன்னாசி தலையைத் தூக்குவான். "ஐயா, நடுப்புள்ளியில..."

"வாயை மூடுறா."

எங்கள் ஸ்டேஷனில் கோகிலா என்று ஒரு பெண் கான்ஸ்டபிள். அவள் ஒருத்திதான் அந்தப் போனைத் தொடவில்லை. தொடாததோடு விட்டாளா? "அவர்தான் சொல்றேங்கிறாரே ஏட்டையா. கேட்டாத்தான் என்ன?" என்றாள்.

"நீ பாரா பாக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா?" என்று கேட்டேன். போய்விட்டாள்.

தப்பு கூடக் கூட, அரை நிமிஷம் பொறு என்று போன் சொல்லும். அப்புறம் இரண்டு நிமிஷம், நாலு நிமிஷம். நாங்களும் பொறுத்தோம். டீ வந்தது. வடை வந்தது. இன்ஸ்பெக்டர் ஐயா ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, "என்னய்யா கூட்டம்? கொண்டாங்க இங்க" என்று வாங்கிக்கொண்டார். ஐயாவுக்கு யோசிக்கும்போது நாக்கை வெளியே நீட்டி ஓரமாக மடித்துக்கொள்கிற பழக்கம் உண்டு. அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தார்.

நான் மட்டும் மற்றவர்கள் மாதிரி கண்டபடி போடவில்லை. எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரு நோட்டில் ஒன்பது ஒன்பதாகப் புள்ளி வைத்து, போட்டுப் பார்த்த கோட்டையெல்லாம் வரைந்து, எண் கொடுத்து வந்தேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் சேர்த்து அறுபத்தேழு. எந்த நேரத்தில் யார் போட்டது என்று மட்டும் எழுதவில்லை. அந்த வேலையைப் போனே பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை வந்துவிட்டது. இனியும் தாமதிக்க முடியாது. போன் எரிகிறது, உதறுகிறது, ஆகையால் 'இயங்கும் நிலையில் உள்ளது' என்று எழுதினேன். அப்புறம் கைது விவரம். 'வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு அருகில், எங்களைக் கண்டதும் ஓட முயன்றவனைச் சுற்றி வளைத்து...' என்று எழுதினேன்.

என்ன சார் பார்க்கிறீர்கள்? செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தவனை வியாழக்கிழமை என்று எழுதலாமா என்றா? பிடித்தவனை ஒரு நாளைக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இரண்டு நாள் ஆகிவிட்டது. சட்டத்தை மீறக் கூடாது. அப்படியானால் தேதியைத்தான் மாற்ற வேண்டும். வேறு வழி இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

போனுக்குச் சீல் வைத்தேன். செல்போனில் எத்தனை துளை இருக்கிறது தெரியுமா? கீழே சார்ஜ் போடுகிற துளை, பக்கத்தில் பேசுகிற துளை, மேலே பாட்டுக் கேட்கிற துளை. துளை திறந்திருந்தால் அது என்ன சீல்? எல்லாவற்றிலும் அரக்கு இறங்குகிற மாதிரி ஊற்றி, அப்புறம் துணி சுற்றி, அதன் மேல் இன்னொரு சீல். அப்படி ஒரு வேலையை நானே அதுவரை செய்ததில்லை.

சன்னாசி ஜெயிலுக்குப் போனான். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அவன் பெண்சாதி ராக்கு தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நிற்பாள். சத்தம் போட மாட்டாள், அழ மாட்டாள். சும்மா நிற்பாள். சத்தம் போட்டால் விரட்டலாம். சும்மா நிற்கிறவளை என்ன சொல்லி விரட்டுவது? அப்படி நின்றவளை, ஜெராக்ஸ் எடுக்க வந்த இன்பராஜ் பார்த்துவிட்டார். இன்பராஜ் இலவச சட்ட உதவி வக்கீல். வேலையில்லாத மனுஷன். விசாரித்து, ஜெயிலுக்குப் போய்ப் பார்த்து, ஒரு மனுப் போட்டார். என்ன மனு தெரியுமா? 'என் கட்சிக்காரரின் செல்போனைத் திறந்து பார்க்க வேண்டும்.'

எதிரியே என் போனைத் திறந்து பாருங்கள் என்று மனுப் போடுகிறான்! இருபத்தேழு வருஷத்தில் அப்படியொரு துணிச்சலை நான் பார்த்ததில்லை. மாஜிஸ்திரேட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார்.

நானே கையில் எடுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் சுகிர்தாவைப் பார்த்தேன். துணியைப் பிரித்துப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "ஏட்டு சார், இதை அரக்குல முக்கி எடுத்தீங்களா?" என்று கேட்டது.

"சீல் மேடம்" என்றேன் பணிவாக.

"பேட்டர்ன் தெரியுமா?"

"தெரியாது மேடம். எதிரி ஏதோ சொன்னான். நாங்க போட்டுப் பாக்கலை."

"ஏன்?"

"எதிரி சொன்னதாச்சே!"

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் முன்ஜாக்கிரதையை மெச்சுகிறது என்று நினைத்தேன். அப்புறம் இன்பராஜ் மனுவைப் பிரித்து, அதில் சன்னாசி சொன்ன பேட்டர்ன் வரைந்திருந்ததைக் குறித்துக்கொண்டது. ஒரு ஊசியை எடுத்து அரக்கைச் சுரண்ட ஆரம்பித்தது.

மற்ற கேசுக்கெல்லாம் அறிக்கை வர ஆறு மாசம் ஆகும் சார். இதற்கு மட்டும் பதினைந்தே நாளில் வந்துவிட்டது. நான் அதைத்தான் கேட்கிறேன், என்ன அவசரம்?

கோர்ட்டுக்கு அந்த அம்மாவே வந்து விளக்கியது. நானும் இன்ஸ்பெக்டர் ஐயாவும் போயிருந்தோம். போனைச் சிக்னல் நுழையாத ஒரு பெட்டிக்குள் வைத்து, எதிரி சொன்ன பேட்டர்னைப் போட்டதாம். முதல் தடவையே திறந்துகொண்டதாம். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பியது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். உள்ளே இருந்ததையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டு, நகலில்தான் வேலை செய்ததாம். அசலைத் தொடவே மாட்டார்களாம். என்ன ஒரு பயம் பாருங்கள்!

போய்வந்த ஊரைக் காட்டுகிற வசதியைச் சன்னாசி பேட்டரி தீர்கிறது என்று அணைத்து வைத்திருந்தானாம். அதனால் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு ஆப் இருந்ததாம். கேன் கம்பெனியில் கூட இருக்கிறவர்கள் நோண்டுகிறார்கள் என்று அவன் எப்போதோ போட்டு வைத்தது. யாராவது தப்பான பேட்டர்ன் போட்டால், சத்தமில்லாமல் முன்பக்கக் கேமராவில் போடுகிறவர் முகத்தைப் படம் பிடித்து, தேதியும் நேரமும் போட்டு வைத்துக்கொள்ளுமாம்.

நான் என் நோட்டில் கொடுத்த கடைசி எண்ணை நினைத்துப் பார்த்தேன். அறுபத்தேழு.

"அந்த ஆப்பை உருவாக்கின கம்பெனி இப்ப இல்லைங்க ஐயா" என்றது சுகிர்தா. "தொறந்தா வெள்ளைத் திரைதான் வருது. படங்களை யாரும் பாக்க முடியாதபடி குலைச்சுப்போட்டு வச்சிருக்கு. ஆனா எப்படிக் குலைக்கணுங்கிற முறை அந்த ஆப்புக்குள்ளயே இருந்தாகணும். ஆப்பைப் பிரிச்சுப் படிக்கக் கருவிகள் இருக்கு. பிரிச்சுப் படிச்சேன். குலைச்ச வழியிலயே திரும்பி வந்து படங்களை மீட்டுட்டேன்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்கம்மா."

"ஹோட்டல்ல சாம்பார் நல்லா இருந்தா, அவங்ககிட்ட கேட்காமலே, ருசி பாத்து, என்னென்ன போட்டாங்க, எதுக்கப்புறம் எதுன்னு கண்டுபிடிச்சு வீட்ல வைக்கிறோமில்லைங்களா? அந்த மாதிரி."

மாஜிஸ்திரேட் தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்தது. சாம்பாரை வைத்தா சார் ஒரு அரசு ஊழியனின் தலையெழுத்தை எழுதுவது?

மொத்தம் அறுபத்தொன்பது படம். முதல் இரண்டு, சங்கிலி போன அந்த வெள்ளிக்கிழமை எடுத்தவை. மொட்டை போடுவதைப் படம் எடுக்கலாம் என்று பாண்டியம்மாள் அண்ணன் போனைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். பேட்டர்ன் தெரியாமல் இரண்டு தடவை தப்பாகப் போட்டிருக்கிறாள். முதல் படத்தில் அவள் மூக்கும் கோயில் கொடியும். இரண்டாவதில் அவள் தோளுக்குப் பின்னால் சன்னாசி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையில் கத்தி. பாதித் தலை மொட்டை. மீதிப் பாதியில் முடி.

என்ன முடி தெரியுமா? சுருட்டை முடி! நான் சொன்னேனா இல்லையா சார்? சுருட்டை முடிக்காரன்தான் என்று நான் அன்றைக்கே சொன்னது நிரூபணமானது அங்கேதான். அதை யாருமே பேசவில்லை. எல்லோரும் நேரத்தையே பிடித்துக்கொண்டார்கள். பத்து மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்.

நான் மெல்ல அரசு வக்கீல் காதருகே போய், "பாதி மொட்டையோட வந்து திருடிட்டு, திரும்பிப் போய் மீதியை எடுத்திருக்கலாமே ஐயா?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"நூத்தி இருபது கிலோமீட்டர்யா. ரெண்டு நிமிஷத்துலயா?" என்றார்.

"டீச்சர் கடிகாரம் தப்பா இருக்கலாம்லங்கய்யா?"

அவர் நாற்காலியை என் பக்கத்திலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மீதி அறுபத்தேழு படத்தையும் மாஜிஸ்திரேட் கல்யாண ஆல்பம் பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பினார். தங்கவேல் பல்லைக் கடித்துக்கொண்டு. எஸ்.ஐ. ஒரு கண்ணை மூடிக்கொண்டு. நான் வாயில் வடையோடு. என் படம் மட்டும் இருபத்தெட்டு. எல்லாவற்றிலும் என் தோளுக்குப் பின்னால் சன்னாசி இருந்தான். மூலையில், தரையில், சட்டையில்லாமல் குத்தவைத்துக்கொண்டு. படம் எடுப்பது தெரிந்திருந்தால் அவனைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்திருக்கலாம்.

மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டார். "இந்தப் போனை எப்பப் பறிமுதல் பண்ணினீங்க?"

"வியாழக்கிழமை காலை ஆறு மணிங்கய்யா" என்றேன். மகஜரில் இருப்பதைத்தானே சொல்ல முடியும்?

"அப்ப செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்தப் போனைப் பாத்து நாக்கை நீட்டிக்கிட்டிருக்கிறது யாரு?"

மேலதிகாரியைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

சன்னாசிக்கு அன்றைக்கே ஜாமீன். கேஸும் இனி நிற்காது என்று தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கும் எஸ்.ஐ.க்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எனக்கு நேராக மைதானம். சங்கிலியா? இன்னும் கிடைக்கவில்லை. நாங்கள் போன் விஷயத்தில் மும்முரமாக இருந்துவிட்டோம்.

ஆனால் நான் சொல்ல வந்த வருத்தம் இதெல்லாம் இல்லை சார். உத்தியோகத்தில் மேடு பள்ளம் இருக்கும். மனுஷனுக்கு மனுஷன் ஒரு நன்றி வேண்டாமா? அதைத்தான் சொல்ல வந்தேன்.

போனை எதிரியிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. மறுநாள் காலையில் சன்னாசி ஜெயிலிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்தான். ராக்கு கூட வந்தாள். அன்றைக்குத்தான் அவள் ரோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். தலையில் குச்சிகுச்சியாக முடி வளர்ந்திருந்தது அவனுக்கு. நான் நோட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டான். போனைக் கொடுத்தேன். "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்க" என்று தன்மையாகத்தான் சொன்னேன்.

நடுப்புள்ளியில் ஆரம்பித்து ஏதோ ஒரு கோடு போட்டான். திறந்தது. ரீசார்ஜ் தீர்ந்து போயிருந்தது. கோகிலா தன் போனிலிருந்து அவனுக்கு இணையம் கொடுத்தாள். யார் கேட்டார்கள் அவளை?

கொடுத்ததுதான் தாமதம், டிங் டிங்கென்று ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. ஸ்டேஷனில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். "சத்தத்தைக் கொறைடா" என்றேன். அவன் குறைக்கத் தெரியாமல் எதையோ அழுத்தினான். ஒரு குழந்தைக் குரல், சத்தமாக. "அப்பா, இன்னைக்கு எந்த ஊரு?"

ராக்கு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சின்னதுகிட்ட, அப்பா லோடு ஏத்திக்கிட்டு வடக்கே போயிருக்குன்னு சொல்லி வச்சிருந்தேன். தெனம் பள்ளிக்கூடம் விட்டு வந்து என் போன்ல பேசி அனுப்பும். ஏம்மா ஒரு டிக்கே விழுதுன்னு கேக்கும். வடக்கே டவர் இல்லைன்னு சொன்னேன்."

இருபத்தாறு நாள் ஜெயிலில் இருந்தான். இருபத்தாறும் வந்தது. "அப்பா, இன்னைக்கு எந்த ஊரு?" "அப்பா, மல கிட்டயா, கடல் கிட்டயா?" "அப்பா, இன்னைக்கு எந்த ஊரு?" சன்னாசி ஒவ்வொன்றாகக் கேட்டான். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடைசியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் கேட்கிறான் என்று தெரியாமல் கேட்டான்: "எந்த ஊருன்னு சொல்ல?"

இங்கேதான் சார் என் மனசு. வேறு யாராவது இருந்தால் பேசாமல் இருந்திருப்பான். அவன் கேட்டது எழுத்து வேலை. ஊரும் தேதியும் பொருந்தி வர வேண்டும், குழந்தை குறுக்குக் கேள்வி கேட்டாலும் நிற்க வேண்டும். எனக்கு அது கைவந்த கலை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். முதல் நாள் சேலம். இரண்டாம் நாள் பெங்களூர். அங்கே லோடு இறக்க ஒரு நாள். அப்புறம் கர்னூல், ஹைதராபாத், நாக்பூர். நாக்பூரில் மழை, இரண்டு நாள் நிறுத்தம். திரும்பி வரும்போது கடல் கேட்டாளே என்று விசாகப்பட்டினம் வழியாகக் கொண்டுவந்தேன். இருபத்தாறு நாளைக்கும், ஒரு நாள் விடாமல், ஒரு கிலோமீட்டர் பிசகாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, கீழே கோடு போட்டு, அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன். ரைட்டராக நான் எழுதிய கடைசித் தாள் அது. மறுநாள் மைதானத்துக்குப் போய்விட்டேன்.

சன்னாசி அந்தத் தாளைப் படித்தான். முழுவதும் படித்தான். மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டான். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"அப்பா நம்ம ஊருலதான் இருக்கேன் கண்ணு. போலீஸ் ஸ்டேஷன்ல."

நீங்களே சொல்லுங்கள் சார். அத்தனை ஊர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் சொன்ன ஊர் அதில் இல்லவே இல்லை.